சம்பளமின்றிச் செய்யும் மேலதிக நேர வேலை: கொழும்பு அலுவலக ஊழியர் செய்யக்கூடியவை

மாதச் சம்பளம் பெறுபவருக்கு ஓவர்டைம் கிடையாது என்ற பேச்சு கொழும்பு அலுவலகங்களில் பரவலாக உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ், உணவு இடைவேளை நீங்கலாக நாளொன்றுக்கு 8 மணித்தியாலமும் வாரத்துக்கு 45 மணித்தியாலமுமே வழமையான வேலை நேரம். அதற்கு மேற்பட்ட வேலைக்கு மணித்தியாலக் கூலியின் ஒன்றரை மடங்கு தர வேண்டும். அந்த வேலையும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. தொழிற்சாலை முதலிய பல தொழில்களுக்குச் சம்பளச் சபைகளின் விதிகள் தனியாக உள்ளன.

பெரும்பாலான தகராறு பதவிப் பெயரில்தான் தொடங்குகிறது. நிறைவேற்று, முகாமைத்துவப் பதவிகளுக்கு மேலதிகக் கொடுப்பனவு விதி பொருந்தாது என்பதால், தரவு பதிபவரையும் வாடிக்கையாளர் அழைப்புக்குப் பதில் சொல்பவரையும்கூட 'எக்சிக்யூட்டிவ்' என நியமிக்கும் வழக்கம் வந்துவிட்டது. இது நியாயமற்றது என்பதே என் கருத்து. ஆகவே நியமனக் கடிதத்தை எடுத்து, உங்களுக்குக் கீழே எவரேனும் பணிபுரிகிறார்களா, லீவு அனுமதிக்கவோ செலவை அங்கீகரிக்கவோ உங்களுக்கு அதிகாரம் உண்டா என்று பாருங்கள். இரண்டுமே இல்லையென்றால், பதவிப் பெயரை மட்டும் காட்டி உங்களுக்கு மேலதிகக் கொடுப்பனவை மறுப்பதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

அடுத்தது கணக்கு. இச்சட்டத்தின் கீழ் வருபவருக்கு மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து மணித்தியாலக் கூலி காண்பது வழமை. சம்பளம் 72,000 ரூபாய் என்றால் மணித்தியாலத்துக்கு 300 ரூபாய், மேலதிக நேரத்துக்கு 450 ரூபாய். வாரத்துக்கு 10 மணித்தியாலம் கூடுதலாக இருந்தால் நான்கு வாரத்தில் 18,000 ரூபாய் வருகிறது. வாடகை வீட்டில் இருப்பவருக்கு இது சிறிய தொகையன்று.

தொகையைக் கேட்பதற்கு முன் சான்றைத் திரட்டுங்கள், ஏனெனில் விரல் அடையாள இயந்திரத்தின் பதிவு நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது. வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, சொன்னவர் ஆகியவற்றை அன்றன்றே சொந்தக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மாலை ஆறரைக்கு "இன்றைக்கே முடித்து அனுப்புங்கள்" என்று வந்த வாட்ஸ்அப் செய்தியை, நேரம் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். வாடிக்கையாளரின் இரகசிய ஆவணங்களை மட்டும் வெளியே எடுத்துச் செல்லாதீர்கள். அது உங்கள் மீதே ஒழுக்காற்று விசாரணைக்கு வழி திறக்கும்.

பின்னர் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். வாயால் கேட்டால் பதிவு இராது. திகதிகள், மணித்தியாலங்கள், கோரும் தொகை, பதிலுக்கான நாள் ஆகியவை போதும், குற்றச்சாட்டு வேண்டாம். சக ஊழியர்களும் சேர்ந்து கையொப்பமிட்டால் ஒருவரைத் தனிமைப்படுத்துவது கடினமாகும்.

பதில் வராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். அதன் தலைமையகம் நாரஹேன்பிட்டவில் உள்ளது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், நேரக் குறிப்பு, மின்னஞ்சல் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டுப் பெறுங்கள். விசாரணைக்கு மூலப் பிரதிகளுடன் செல்லுங்கள்.

வேலையை விடும் எண்ணம் இருந்தால், கடைசி நாளில் நீட்டப்படும் இறுதிக் கொடுப்பனவுப் பத்திரத்தில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருக்கிறதா என்று வாசித்து, நிலுவைத் தொகை தீரும்வரை அதில் கையொப்பமிடாதீர்கள்.