ஆட்டிறைச்சி என்று எழுதியிருந்த பொட்டலம்

எங்கள் ராஜபாளையம் நாய்க்கு இரண்டு வயது. நான்கு மாதங்களாகப் பாதங்களை ஓயாமல் நக்கிக்கொண்டிருந்தான். வெள்ளை முடியில் விரலிடுக்குகள் மட்டும் செம்பழுப்பாகக் கறை பிடித்தன. காதிலும் நாற்றம்.

உண்ணி என்று நினைத்து மருந்து போட்டோம். ஷாம்பூவை மாற்றினோம். காதுக்குச் சொட்டு மருந்து விட்டால் நாற்றம் போகும். நிறுத்திய மூன்றாம் வாரம் திரும்பிவிடும். கோழி ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ஆட்டிறைச்சித் தீவனம் வாங்கினேன். ஆறு வாரமாகியும் மாற்றமில்லை. ஆகவே உணவு காரணமல்ல என்று முடிவு கட்டினேன். அதுதான் பெரிய பிழை.

ஒரு நாள் பொட்டலத்தின் பின்பக்கப் பொடி எழுத்துகளைப் படித்தேன். மூலப்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகத்தான் அச்சிடுவார்கள். ஆட்டிறைச்சி நான்காவது இடத்தில் இருந்தது. அதற்கு முன்பே கோழி இறைச்சித் தூள், பின்னால் கோழிக் கொழுப்பு!

கால்நடை மருத்துவர் எட்டு வாரத்துக்கு ஆட்டிறைச்சியும் சோறும் மட்டும் கொடுக்கச் சொன்னார். பிஸ்கட்கூடக் கூடாது. மென்று தின்னும் குடற்புழு மாத்திரையிலும் கோழிச் சுவை சேர்த்திருந்தார்கள். அதையும் மாற்றிக் கொடுத்தார். ஐந்தாம் வாரம் நக்குவது நின்றது. எட்டு வாரம் முடிந்து கோழி கொடுத்துப் பார்த்தோம். மூன்றாம் நாளே அரிப்பு வந்தது. சந்தேகம் தீர்ந்தது.

வெறும் இறைச்சியும் சோறும் நெடுநாள் கொடுத்தால் கால்சியம் போதாது. அதனால் இப்போது கோழி எந்த வடிவிலும் கலக்காத மீன் தீவனம் கொடுக்கிறோம். ‘விலங்குக் கொழுப்பு’ என்று பொதுப்படையாக எழுதிய பொட்டலத்தை நான் தொடுவதில்லை.