எல்க், மான் வேட்டைக்கு எந்த வாரம் போறது? கொலராடோ ரைஃபிள் சீசனுக்கு என் கணக்கு

அக்டோபர் பொறந்தா போதும், யாராவது ஒருத்தர் போன் பண்ணி "இந்த வருஷம் நானும் எல்க் வேட்டைக்கு வரேன், எந்த வாரம் லீவு போடட்டும்"னு கேப்பாங்க. எல்க்னா மான் இனத்துலயே ரொம்பப் பெருசா வளர்ற ஒரு வகை. அக்டோபர்ல கேட்டா பாதி வாசல் சாத்தியாச்சு. அமெரிக்காவுல இருக்கற இந்த கொலராடோல இதை முடிவு பண்ற மாசம் ஏப்ரல், வரி ரிட்டர்ன் போட பேப்பர் தேடிட்டு இருப்போமே அதே மாசம், முதல் செவ்வாய்க்கிழமை ராத்திரி 8 மணியோட டிராவுக்கு, அதாவது லைசென்ஸ் குலுக்கலுக்கு, அப்ளை பண்றது முடிஞ்சிடும். மான் லைசென்ஸ் எல்லாமே 1999லேருந்து எண்ணிக்கை வெச்சுதான் குடுக்கறாங்க, டிரால விழுந்தா உண்டு, இல்லன்னா ஆகஸ்ட்ல மிச்சம் மீதி வர்றதுக்கு காத்திருக்கணும். எல்க் மட்டும் கொஞ்சம் தாராளம், ரெண்டாவது மூணாவது ரைஃபிள் சீசன்ல நிறைய யூனிட்ல (வேட்டைக்குன்னு பிரிச்சு வெச்ச பகுதி) ஆண் எல்க் டேக், அதாவது லைசென்ஸ், டிரா இல்லாம காசு குடுத்து வாங்கிக்கலாம். அதனாலதான் அந்த ரெண்டு சீசன்லயும் காடு முழுக்க வேட்டைக்காரங்க போடற ஆரஞ்சு கலர் சட்டையா தெரியும்.

இங்க ரைஃபிள் சீசன் நாலு. முதல் சீசன் அக்டோபர் நடுவுல, அஞ்சே நாள், எல்க் மட்டும்தான், டிரா கட்டாயம். ரெண்டாவது அக்டோபர் கடைசியில ஒன்பது நாள், எல்க்கும் உண்டு மானும் உண்டு. மூணாவது நவம்பர் ரெண்டாவது வாரத்தை ஒட்டி, அதுலயும் ரெண்டும் உண்டு. நாலாவது நவம்பர் மூணாவது நாலாவது வாரத்துல அஞ்சு நாள், மறுபடி டிரா மட்டும். தேதி வருஷா வருஷம் தள்ளித் தள்ளி வரும், அதனால பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் டிபார்ட்மென்ட் அந்தந்த வருஷம் போடற புக்கை எடுத்துப் பாத்துடுங்க, போன வருஷ புக்கை நம்பி லீவு லெட்டர் குடுத்துடாதீங்க.

புதுசா வர்றவங்க கிட்ட நான் கேக்கற முதல் கேள்வி "உனக்கு எல்க் வேணுமா மான் வேணுமா"ன்னுதான். ரெண்டும்னு சொன்னா, சரி, ஆனா ரெண்டுல எது வரலைன்னா மனசு கஷ்டப்படும்னு கேப்பேன். ஏன்னா ரெண்டுக்கும் நல்ல நேரம் ஒண்ணு கிடையாது. எல்க்குக்கு இணை சேர்ற காலம் செப்டம்பர் நடுவுலேருந்து அக்டோபர் முதல் வாரம் வரைக்கும், அப்ப ஆண் எல்க் விசில் அடிச்ச மாதிரி கத்திக்கிட்டு தானே வந்து மாட்டும், ஆனா அது பெரும்பாலும் வில்லுக்காரங்களோட சீசன். நம்ம ரைஃபிளைத் தூக்கிட்டு போற நேரத்துல அது ஒரு மாசமா சரியா சாப்பிடாம சண்டை போட்டு இளைச்சுப் போய், வடக்கு பாத்த சரிவுல அடர்த்தியான ஊசியிலைக் காட்டுக்குள்ள புல்லும் தண்ணியும் பக்கத்துலயே இருக்கற இடமா பாத்து படுத்துக்கும், தேடிப் போனாத்தான் கிடைக்கும். மியூல் மானுக்கு (இங்க நான் மான்னு சொல்றது பெரிய காது வெச்ச இந்த வகையைத்தான்) கதையே தலைகீழ், அதுக்கு இணை சேர்ற காலம் நவம்பர் நடுவுல ஆரம்பிக்கும், வருஷம் முழுக்க பேய் மாதிரி ஒளிஞ்சு திரிஞ்ச பெரிய ஆண் மான் எல்லாம் அப்ப புத்தி கெட்டுப் போய் பட்டப்பகல்ல பொட்டை மான் பின்னாடி வெட்டவெளியில நடக்கும். அதனாலதான் கனிசன்ங்கற ஊர்ப் பக்கம் நாலாவது சீசன் மான் டேக்குக்கு, டிரால விழாத வருஷத்துக்கெல்லாம் கிடைக்கற பாயின்ட்டை வருஷக்கணக்கா சேத்து வெச்சுக்கிட்டு காத்துக்கிடக்கறாங்க.

ஆக, எல்க் மட்டும் போதும், கூட்டம் வேணாம், கஷ்டப்பட்டு நடக்க ரெடின்னா முதல் சீசன். பெரிய மான்தான் கனவுன்னா நாலாவது, அதுக்கு பொறுமை வேணும். ரெண்டு டேக்கையும் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு ஒரே டிரிப்ல போகணும்னா ரெண்டாவதோ மூணாவதோதான், அதுல என் ஓட்டு மூணாவதுக்கு. ரெண்டாவது சீசன்ல வெயில் அடிச்சா எல்க் பத்தாயிரம் அடிக்கு மேலயே உக்காந்திருக்கும், மான் பாதி இறங்கியும் இறங்காமலும் இருக்கும், நம்ம நடுவுல எங்க போறதுன்னே தெரியாம திரிவோம். மூணாவதுல பனி விழுந்திருக்க வாய்ப்பு அதிகம், மானும் காதலுக்கு தயாராகிட்டு இருக்கும். பனி விழலைன்னா என்னன்னு கேட்டா, விழலைன்னா விழலைதான், அதே அடர்காட்டுக்குள்ள போய் தேடணும், அவ்ளோதான். எந்த சீசன் எடுத்தாலும் எல்க் கிடைக்கறது சுமாரா அஞ்சு பேர்ல ஒருத்தருக்குன்னு மனசுல வெச்சுக்கிட்டு கிளம்புங்க.

பனின்னு சொன்னா எவ்வளவு பனின்னு கேக்கணும். நாலு இன்ச் விழுந்தா எல்க் நகராது, காலால தட்டி புல்லை எடுத்து தின்னுட்டு அங்கயே நிக்கும், நமக்கு லாபம் காலடித் தடம் தெரியறது மட்டும்தான். ஒன்றரை அடிக்கு மேல போனா அதுக்கே நடக்க சோம்பல் வந்து கீழ இறங்க ஆரம்பிக்கும். மான் கால் சின்னது, அதனால அதைவிடக் கம்மி பனிக்கே கிளம்பிடும். ஆனா எல்க் இறங்கற அளவு பனி விழுந்தா ஃபாரஸ்ட் ரோடும் மூடிக்கும், ரொம்ப கீழ இறங்கிட்டா பண்ணைக்காரங்களோட தனியார் நிலத்துல போய் நிக்கும், வேலிக்கு அந்தப் பக்கம் இருநூறு எல்க் மேயும், இந்தப் பக்கம் நம்ம நின்னு வேடிக்கை பாக்கணும். இங்க நிலத்துக்காரர் போர்டு வைக்கலைன்னாலும் பர்மிஷன் இல்லாம கால் வெச்சா தப்பு தப்புதான். மேப்ல எல்லை எங்கன்னு வீட்லயே பாத்து போன்ல டவுன்லோட் பண்ணிட்டுப் போங்க, மேல சிக்னல் இருக்காது.

இப்ப எல்லாரும் மறக்கற விஷயம், கறி. வேட்டைக்கு நாள் பாக்கறப்ப முதல்ல யோசிக்க வேண்டியதே இதுதான்னு நான் சொல்வேன். ஒரு முதல் சீசன்ல நல்ல வெயில், மத்தியானம் அறுபது டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டி இருந்துச்சு, காலையில பத்து மணிக்கு ஒரு ஆண் எல்க் விழுந்துச்சு. சந்தோஷம் பத்து நிமிஷம்தான். முழங்கை வரைக்கும் உள்ள கையை விட்டப்ப அடுப்புக்குள்ள விட்ட மாதிரி இருந்துச்சு, அந்தத் தோல் பனிக்காலத்துக்குன்னு செஞ்ச கம்பளி, உரிச்சு எடுக்கற வரைக்கும் சூடு வெளிய போகவே போகாது, தொடை எலும்பை ஒட்டின கறி உள்ளேருந்தே கெட ஆரம்பிச்சிடும். நாலு காலையும் தனியா பிரிச்சு துணிப் பையில போட்டு நிழல்ல மரத்துல கட்டித் தொங்கவிட்டு, எலும்பு பக்கம் கத்தி வெச்சு பிளந்து காத்து பட வெச்சு, அப்புறம்தான் தண்ணி குடிச்சோம். பெரிய ஆண் எல்க்ல எலும்பு நீக்கின கறியே இருநூறு பவுண்டு வாக்கில வரும், ரெண்டு பேர் முதுகுல சுமந்தா மூணு நடை, நாங்க மூணு மைல் உள்ள இருந்தோம். கணக்கு போட்டுப் பாத்துக்குங்க. கறியை வீணாக்கினா சட்டப்படியும் குத்தம், நாலு காலும் முதுகுக் கறியும் கண்டிப்பா எடுத்துட்டு வரணும். அதனால முதல் சீசன் எடுக்கறவங்க ரோட்லேருந்து எவ்வளவு தூரம் போகலாம்ங்கறதை வெயில் முடிவு பண்ணட்டும், அறுபது டிகிரி ஃபோர்காஸ்ட்னா ஒரு மைலுக்கு மேல போகாதீங்க. நவம்பர்ல இந்தக் கவலை கிடையாது, ராத்திரியோட ராத்திரியா கறி கல்லாட்டம் ஆயிடும், கவலை நம்ம விரலைப் பத்திதான்.

சீசன் முடிவாச்சு, அதுக்குள்ள எந்த நாள்? ஓப்பனிங் நாள் காலையில எல்லாரும் இருப்பாங்க, ஒவ்வொரு மேட்டுலயும் ஒரு ஹெட்லைட் தெரியும். அது பிடிக்காதவங்க கூட ஒரு விஷயத்தை ஒத்துக்கணும், அந்த ஒரு காலைதான் மிருகங்க இன்னும் எச்சரிக்கை ஆகாம மேயற காலை. சனிக்கிழமை ஆரம்பிக்கற சீசன்ல திங்கள் செவ்வாய்க்குள்ள எல்க் எல்லாம் தள்ளிப் போயிடும், பாதி கேம்ப்பும் காலியாயிடும். புதன் வியாழன்ல இருக்கறவங்களுக்கு காடு அமைதியா கிடைக்கும், ஆனா நடக்கணும், ரோட்லேருந்து பாக்கறது எல்லாம் முடிஞ்சு போச்சு. எனக்கு முழு சீசனும் லீவு கிடைக்காதுன்னா நான் ஓப்பனிங்கை விட்டுட்டு பின்பாதியை எடுப்பேன், அதுலயும் ஃபோர்காஸ்ட்ல புயல் இருந்தா அதை நடுவுல வெச்சு லீவு போடுவேன். பனி வர்றதுக்கு முந்தின சாயங்காலம் எல்லாம் அவசர அவசரமா மேயும், கொட்டற நேரத்துல படுத்துக்கும், விட்ட மறுநாள் காலையில பசியோட வெளிய வரும். அந்த ரெண்டு நேரத்துக்கு நீங்க காட்டுல இருந்தா போதும், கொட்டற அன்னிக்கு டென்ட்ல தூங்குங்க. பௌர்ணமி பத்தி நிறைய பேர் பேசுவாங்க, நிலா வெளிச்சத்துல ராத்திரியே மேஞ்சுட்டு காலையில சீக்கிரம் ஒதுங்கிடும்ங்கறது நானும் பாத்திருக்கேன்தான், ஆனா அதுக்காக வாரத்தையே மாத்த மாட்டேன், அன்னிக்கு மத்தியானம் காட்டுக்குள்ள மெதுவா நடப்பேன், அவ்வளவுதான்.

ஒரு நாளுக்குள்ள பாத்தா, சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாடிலேருந்து மறைஞ்சு அரை மணி வரைக்கும்தான் சுட அனுமதி. இதுல ஒரு காமெடி இருக்கு. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கற ஞாயித்துக்கிழமை 2024லயும் 2025லயும் ரெண்டாவது சீசனோட கடைசி நாள்லயே வந்துச்சு. அந்த மாதிரி ஒரு ஞாயிறு எங்க கூட வந்த அண்ணன் புக்ல புது டைம்ல போட்டிருந்த சூரிய உதய நேரத்தைப் பாத்துட்டு தன்னோட பழைய கைக்கடிகாரத்தை நம்பிக் கிளம்பிட்டார், "அண்ணே டைம் மாறிடுச்சு"ன்னு சொல்ல ஆள் இல்ல, எங்க போன் எல்லாம் குளிருல செத்துக் கிடந்துச்சு. மேட்டுல போய் உக்காந்து கை விரைச்சுப் போய் "என்னடா இன்னும் விடியலையே"ன்னு முக்கா மணி நேரம் புலம்பினதுக்கு அப்புறம்தான் அவருக்கே பொறி தட்டுச்சு. போனை தூங்கற பைக்குள்ள வெச்சுக்குங்க, பேட்டரி நிக்கும்.

காத்தையும் பாக்கணும். விடியற்காலை குளிர் காத்து மேலேருந்து கீழ வடியும், அதனால எல்க்குக்கு கீழ இருந்து ஏறிப் போங்க. வெயில் பட்டு மண் சூடானதும் காத்து திரும்பி மேல ஏறும், அந்த மாறற நேரம் ஒன்பது பத்து மணி வாக்கில வரும், அப்ப கழுத்துப் பின்னாடி ஜில்லுன்னு பட்டா உங்க வாசனை அதுக்குப் போயாச்சுன்னு அர்த்தம், நல்ல இடத்தைக் கெடுக்காம பின்வாங்கிடுங்க. ஒரு சின்ன டால்கம் பவுடர் டப்பா பாக்கெட்ல இருந்தா ஒரு தட்டு தட்டிப் பாத்துக்கலாம்.

பேப்பர் வேலையை கோடையிலயே முடிங்க. 1949 ஜனவரி 1லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க எல்லாரும் ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சிருக்கணும், செப்டம்பர்ல அந்த கிளாஸ்ல இடம் கிடைக்கறது கஷ்டம். எச்1பி மாதிரி விசால இருக்கறவங்களுக்கு துப்பாக்கி வெச்சுக்கறது ஃபெடரல் சட்டப்படி பொதுவா தடை, செல்லுபடியாகற ஹன்டிங் லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு உண்டு, ஆனா அதுல விளையாடாதீங்க, ஒரு வக்கீல் கிட்ட கேட்டுட்டு நண்பரோட ரைஃபிளை தொடுங்க. ஆரஞ்சோ பிங்க்கோ பளீர்னு 500 சதுர இன்ச் உடம்புல, தலையில அதே கலர்ல தொப்பி. நிறைய யூனிட்ல ஆண் எல்க்குக்கு ஒரு பக்கக் கொம்புல நாலு முனையாவது இருக்கணும், இல்லன்னா கண்ணுக்கு மேல வர்ற முனை அஞ்சு இன்ச் இருக்கணும், பைனாகுலர்ல எண்ணிட்டு சுடுங்க.

லீவு போடறப்ப சீசனுக்கு ரெண்டு நாள் முன்னாடியே போய் சேர்ற மாதிரி போடுங்க, ஒன்பதாயிரம் அடியில முதல் ராத்திரி தலைவலியோட தூக்கம் வராது, அந்த உடம்போட ஏறினா ரைஃபிள் ஆடும். அதே மாதிரி கடைசியில ஒரு நாள் ஒண்ணும் வைக்காதீங்க, எல்க் சில நேரம் கடைசி நாள் சாயங்காலம்தான் விழும், திங்கக்கிழமை காலை மீட்டிங்க்கு ஒத்துக்கிட்டு வந்தீங்கன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு ஹெட்லைட்ல கறி சுமப்பீங்க.