பழைய யுனிக்ஸில் பேட்ச் இடும் முறை

பிடிபி-11 என்னும் பழைய கணினிக்காக 1991இல் வெளிவந்த 2.11 பிஎஸ்டி என்னும் யுனிக்ஸ் வகையை, தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் உள்ள நம் வீட்டு மடிக்கணினியிலேயே, பழைய கணினிகளைப் போல் நடிக்கும் சிம்எச் என்னும் மென்பொருளின் துணையால் ஓட்டலாம். பயனர்கள் எழுதியனுப்பிய திருத்தங்களும் டிரைவர்களும் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) அதற்கு எண்ணிட்ட பேட்சுகளாக, அதாவது மூல நிரலில் செய்யவேண்டிய மாற்றங்களின் கோப்புகளாக, 400க்கு மேல் சேர்ந்துள்ளன.

முதலில் சிம்எச் வட்டாகப் பயன்படுத்தும் கோப்பை நகலெடுத்து வையுங்கள். பிறகு ரூட் (/) அடைவிலுள்ள வெர்ஷன் கோப்பைத் திறந்து, கடைசியாக இட்ட எண்ணைப் பார்த்து, அடுத்த எண்ணிலிருந்து ஒன்றையும் தாண்டாமல் வரிசையாக இடுங்கள். ஒவ்வொன்றும் முந்தையது இடப்பட்டிருப்பதாகவே எண்ணி எழுதப்பட்டது. பேட்சின் தலைப்பகுதியில் உள்ள விளக்கத்தைப் படிக்காமல் கட்டளையைத் தட்ட வேண்டாம். 1985இல் லாரி வால் எழுதிய பேட்ச் நிரல், பொருந்தாத பகுதிகளை ‘ரெஜ்’ என முடியும் கோப்பில் ஒதுக்கிவிடும் என்பதால், அத்தகைய கோப்பு இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

டிரைவர் சேர்ப்பதுதான் உண்மையான தலைவலி. 16 பிட் முகவரியில் 64 கிலோபைட்டே எட்டும் என்பதால், இயங்குதளத்தின் மையமான கெர்னலின் ஒரு பகுதி 8 கிலோபைட் ஓவர்லேக்களாக, அதாவது ஒரே முகவரி இடத்தை மாறி மாறிப் பயன்படுத்தும் துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. புதிய டிரைவரால் ஒரு ஓவர்லே நிரம்பி வழிந்தால், கட்டும் விதிகளுள்ள மேக்ஃபைலில், ஓர் ஆப்ஜெக்ட் கோப்பை (தொகுத்த நிரல்) இடமுள்ள வேறொரு ஓவர்லேக்கு மாற்றி மீண்டும் கட்ட வேண்டும்.

பழைய கெர்னலை வேறு பெயரில் விட்டுவையுங்கள். புதியது எழாவிட்டால், கணினி தொடங்கும்போது வரும் பூட் வரியில் அப்பெயரைத் தரலாம். இந்தக் கோப்பு முறைமைக்கு ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது. நம்மூர் மின்வெட்டை நினைத்து, நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதவைக்கும் ‘சிங்க்’ கட்டளையை அவ்வப்போது இடுங்கள்.