அப்பாவின் கெண்டைக்கால் வலி குறைந்த விதம்

மயிலாப்பூரில் கடைத்தெரு வரை நடந்தாலே அப்பாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். மூட்டு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நடந்தால் வந்து, நின்றால் போகும் வலி என்றால், காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயான தமனியில் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். அவருக்குச் சர்க்கரையும் உண்டு, பீடியும் உண்டு.

வீட்டிலேயே நாடி பார்த்தேன். மேற்பாதத்தில் ஒன்று, உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் இன்னொன்று. இடது காலில் இரண்டுமே பிடிபடவில்லை. சிலருக்கு மேற்பாத நாடி இயல்பாகவே தட்டுப்படாது. இரண்டையும் பார்ப்பது அதற்காகத்தான்.

ரத்தநாள மருத்துவரிடம் ஏபிஐ (கணுக்கால்-கை ரத்த அழுத்த விகிதம்) பரிசோதனை. படுக்கவைத்து, கைகளிலும் கணுக்கால்களிலும் டாப்ளர் என்னும், ரத்த ஓட்டத்தை ஒலி அலையால் அறியும் கருவியால் பிரஷர் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்கிறார்கள். ஊசி கிடையாது. 0.9-ம் அதற்குக் கீழும் அடைப்பைக் காட்டும்; அப்பாவுக்கு இடது கால் 0.7. சர்க்கரை உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: தமனியில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் எண் 1.4-ஐத் தாண்டும், அல்லது நார்மல் போலவே காட்டும். அப்போது கால் பெருவிரலில் பிரஷர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பீடியை விட்டார். மாத்திரைகளோடு, வலி வரும்வரை நடை, நின்று ஓய்வு, மறுபடி நடை. சில மாதங்களில் வலி வரும் தூரம் நன்றாகவே தள்ளிப்போனது. ஆறாத புண்ணோ, படுத்திருக்கும்போதே பாதத்தில் வலியோ இருந்தால் நடைப்பயிற்சியை நம்பிக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.