நெல்லைக் கடற்கரை ஊருக்குப் போகிறவர்களுக்கு

திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே கடலோரமாக வந்தால் கூடுதாழை, உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று ராதாபுரம் வட்டாரத்து மீனவ ஊர்கள் வரிசையாக வரும். இந்த ஊர்க் கரையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கும். படகு இழுப்பவர், வலையிலிருந்து மீன் கழிப்பவர், வலை பின்னுபவர், ஏலம் கூறுபவர். வேலையில்லாமல் நிற்கப்போகிறவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் எந்த நாள் போவது, எங்கே நிற்பது, யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் அவர்களுக்கும் இடைஞ்சல் இல்லை, உங்களுக்கும் நல்ல மீன் கிடைக்கும்.

முதலில் ஊர்ப் பெயர். கூத்தங்குழி கடற்கரை ஊர். நாங்குநேரிப் பக்கம் இருக்கிற கூந்தன்குளம் பறவைகள் வருகிற குளம். ஆட்டோக்காரரிடமோ கூகுள் வரைபடத்திலோ பெயரை அரைகுறையாகச் சொன்னால் நாரையைப் பார்க்கப் போய்ச் சேர்வீர்கள்.

உவரிக்குத் திருநெல்வேலியிலிருந்து திசையன்விளை வழியாகப் போகலாம். இடிந்தகரைக்கு ரயிலில் வள்ளியூர் வந்து, அங்கிருந்து ராதாபுரம் வழியாகப் பேருந்து பிடிக்கலாம். ஆனால் காலைப் பேருந்தில் கிளம்பிப் போனால் பல நாள் ஏலம் முடிந்து காக்கையும் நாயும்தான் கரையில் இருக்கும். முந்தின ராத்திரியே திசையன்விளையிலோ வள்ளியூரிலோ தங்கிவிட்டு, விடியும்போது கரையில் நிற்பதுதான் சரி.

எந்த நாள், எந்த மாதம்

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். இந்த ஊர்களில் பெரும்பாலோர் 1530-களில் கத்தோலிக்கம் தழுவிய பரதவர் குலத்தார். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து நடந்த கரை இது. சனிக்கிழமை ராத்திரி வலை போடுவதில்லை. ஞாயிறு கோயிலுக்கும் ஓய்வுக்கும் உரிய நாள், படகெல்லாம் மேட்டில் ஏறிக் கிடக்கும். உவரிக்குச் செவ்வாய்க்கிழமையும் வேண்டாம், அந்தோணியார் கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. தைப்பூசத்துக்கு அதே ஊரில் சுயம்புலிங்க சுவாமி கோயிலிலும் நெரிசல்தான். கடல்மண்ணை ஓலைப்பெட்டியில் சுமந்து கொண்டுவந்து கொட்டுகிற நேர்த்திக்கடனைப் பார்க்க ஆசை இருந்தால் அதற்கென்றே தனியாக ஒரு நாள் போங்கள். மீன் பார்க்க புதன், வியாழன், வெள்ளி நல்லது.

மாதம் என்றால் தை தொடங்கிப் பங்குனி வரை. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கும். பொடிமணல் பறந்து கண்ணிலும் கேமரா லென்சிலும் அப்பும், சில நாள் படகே இறங்காது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் தென்கடலில் என்ன செய்தது என்பதை இந்தக் கரை மறக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுக்குத்தான். இங்கே ஓடுவது பெரும்பாலும் பைபர் நாட்டுப்படகு என்பதால் கரை காலியாக இருக்காது, மீன் விலை மட்டும் ஏறியிருக்கும்.

கரையில் நிற்கும்போது

ராத்திரி வலை போட்ட படகுகள் விடியற்காலையிலிருந்து வரத் தொடங்கும். பின்னிரவில் போனவை முற்பகலில் திரும்பும். வலைக்கு வலை, ஊருக்கு ஊர் நேரம் மாறும். முந்தின நாள் மாலையே டீக்கடையில் கேட்டுவிடுங்கள்.

படகு கரையேறுகிற விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். துறைமுகம் இல்லாத கரையில் அலை அடங்குகிற சமயம் பார்த்து, ஒரு பெரிய அலையின் முதுகில் ஏறித்தான் படகு வரும். மணலில் முகப்பு முட்டியதும் ஆட்கள் குதித்து, அடுத்த அலை வருவதற்குள் இழுத்தாக வேண்டும். அந்த நேரம் படகைச் சுற்றி வேடிக்கை பார்ப்பவர் யாரும் நிற்கக் கூடாது. பின்னால் வருகிற அலை படகைப் பக்கவாட்டில் திருப்பி அடித்தால் கால் எலும்பு முறிந்துவிடும். படகு போகிற தடத்திலிருந்து நாலு பாகம் (பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம்) தள்ளி, மேட்டில் நில்லுங்கள். கை கொடுக்கத் தோன்றினால் அவர்கள் கூப்பிட்ட பிறகு, அவர்கள் காட்டுகிற இடத்தில் பிடியுங்கள்.

விரித்திருக்கும் வலையைச் செருப்புக் காலால் மிதிக்காதீர்கள். மயிரிழை போன்ற நைலான் நூல் செருப்பு வாரில் சிக்கி இழுபட்டால் பத்துக் கண்ணி ஒரேயடியாகப் போய்விடும். பின்னுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், வேலை புரியும். அறுந்த இடத்தின் ஓரங்களை முதலில் சீராக நறுக்கிவிடுவார். பிறகு நூல் சுற்றிய ஊசியை ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நுழைத்து, விரலில் அளவு பிடித்து முடிச்சை இறுக்குவார். அளவு கொஞ்சம் பிசகினால் அந்தக் கண்ணியில் மீன் செவுள் மாட்டாமல் நழுவிவிடும். தூண்டில் கயிறு சுருட்டிய கூடைக்குள் கை விடாதீர்கள், நூற்றுக்கணக்கில் முள் கிடக்கும்.

கடலுக்குப் போகிறவரிடம் ‘எங்கே போறீங்க, எவ்வளவு கிடைக்கும்’ என்று கேட்காதீர்கள். திரும்பி வந்து, மீன் இறக்கி, டீ குடிக்கும்போது ‘அண்ணே, இன்னைக்கு நீவாடு எப்படி?’ என்று கேட்டுப் பாருங்கள். நீவாடு என்றால் நீரோட்டம். ஒரு மணி நேரம் பேசுவார். கரையில் தெரிகிற கோயில் கோபுரத்தையும் தூரத்து மலையையும் நேர்கோட்டில் வைத்து மீன் இருக்கும் பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டைக் கண்டுபிடிக்கிற கணியத்தையும் சொல்வார். ஜிபிஎஸ் வந்த பிறகும் அந்தக் கணக்கை வைத்திருக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள்.

படம் எடுக்குமுன் கேளுங்கள், மீன் கழுவுகிற பெண்களைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. கூடங்குளம் அணுமின் நிலையம் பக்கத்தில் இருப்பதால் ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ‘ஒரு ரவுண்டு கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்றும் கேட்காதீர்கள். மீன்பிடிப் படகில் பயணி ஏற்றினால் மாட்டிக்கொள்வது படகுக்காரர்.

குளிப்பது வேண்டாம். பார்க்க அமைதியாக இருக்கும்போதே, எங்கோ தொலைவில் கிளம்பிய பேரலை திடீரென்று கரையேறும். கள்ளக்கடல் என்பது இதைத்தான். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். ஆபத்து என்றால் முதலில் பக்கத்தில் இருக்கிற மீனவரைக் கூப்பிடுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554.

மீன் வாங்குவது

படகிலிருந்து இறக்கிய மீனை மணலில் தார்ப்பாய் விரித்துக் கொட்டுவார்கள். வட்டமாக ஆட்கள் கூடுவார்கள். ஏலக்காரர் குனிந்து ஒரு மீனைப் புரட்டிக் காட்டிவிட்டு, மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போவார். வியாபாரிகள் வாயைத் திறக்க மாட்டார்கள், ஒரு தலையசைப்பு போதும். வட்டத்துக்குள் நின்று பக்கத்து ஆளிடம் தலையாட்டிப் பேசினால் குழப்பம்தான். இரண்டடி பின்னால் நின்று கேளுங்கள்.

படகுக்காரரிடம் நேராக ‘எனக்கு ரெண்டு கிலோ கொடுங்க’ என்று கேட்பது பலர் செய்கிற தவறு. வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பவர் அந்த மீனை அவருக்குத்தான் போட வேண்டும். உங்களுக்கு இல்லையென்று சொல்லவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல் நிற்பார். ஏலம் எடுத்த அக்காமார் கூறு போட்டு விற்பார்கள். அவர்களிடம் வாங்குங்கள். சாளை, நெத்திலி, காரல் கூறாகக் கிடைக்கும். சீலா, பாறை, விளமீன், ஊளி எடைக்கு வரும். பத்து, இருபது குறைத்துக் கேட்கலாம், ஏலத்தொகையைக் காதால் கேட்டுவிட்டுப் பாதி விலைக்குக் கேட்கக் கூடாது.

கண் பிதுங்கித் தெளிவாக, செவுள் நல்ல சிவப்பாக, விரலால் அழுத்தினால் குழி விழாமல் இருக்க வேண்டும். சாளைக்கு வயிற்றைப் பாருங்கள், வெடித்திருந்தால் வேண்டாம். சூரை, அயிலை, சாளை வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும். கொதிக்கவைத்தாலும் அது போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து உடம்பு அரிக்கும்.

கடல் அட்டை, கடல்குதிரை, பவளம், ஆமை ஓடு யார் விற்றாலும் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் தடை செய்யப்பட்டவை.

கருவாடு வாங்கினால், தரை மணலில் காய்ந்ததா, வலைமேல் காய்ந்ததா என்று கேளுங்கள். மணலில் காய்ந்ததை எத்தனை தண்ணீரில் அலசினாலும் பல்லில் நறநறக்கும். மேலே இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது உப்பில் வளர்கிற கிருமி, விட்டுவிடுங்கள்.

திருநெல்வேலி வரை கொண்டுபோக ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது கணக்கு. அரைக் கிலோ ஐஸை மேலே போட்டுக்கொண்டு போனால் அடியில் உள்ள மீன் நாங்குநேரி தாண்டுமுன் நாறிவிடும். பெரிய மீனைக் கரையிலேயே குடல் எடுத்துச் செவுளும் நீக்கித் தரச் சொல்லுங்கள், கூலி தனி. தெர்மோகோல் பெட்டியின் அடியில் நொறுக்கிய ஐஸ், அதன்மேல் மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்குங்கள். பெட்டியின் ஒரு மூலையில் துளை போட்டு, அந்த மூலை தாழ்ந்திருக்கும்படி வையுங்கள். உருகின தண்ணீரில் ஊறினால் சதை வெளுத்துச் சப்பென்று ஆகிவிடும். கீழே ஒரு பழைய தட்டை வைத்துவிட்டால் வண்டியும் நாறாது.