படகு டிரெய்லரில் பிரேக் பிடித்துக்கொண்டால், தேடலை முன்னாலிருந்து தொடங்குங்கள்

மழைக்காலம் முழுக்க மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்த படகை, மழை விட்டதும் வெளியே எடுத்தோம். 16 அடி ஃபைபர் படகு. நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் பாதிப் பாதி போட்டு, டிரெய்லரோடு சேர்த்துப் பழையதாக வாங்கியது. மட் தீவுப் பக்கம் இறக்கலாம் என்று கிளம்பி, சயான் தாண்டுவதற்குள் கருகல் வாடை. இறங்கிப்போய் டிரெய்லர் சக்கரத்தின் நடுவில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி ‘சொய்’ என்றது.

வழியில் பார்த்த மெக்கானிக், “ஷூ, வீல் சிலிண்டர் எல்லாம் மாத்தணும்” என்றார். குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் அலைந்து பொருள் தேடி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து எல்லாவற்றையும் மாற்றினோம். சக்கரம் அப்போதும் சுற்றவில்லை. கோளாறு சக்கரத்தில் இல்லவே இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

இது எப்படி வேலை செய்கிறது

எங்களுடையது சர்ஜ் பிரேக். காரின் பிரேக் பெடலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கார் வேகம் குறைந்ததும் பின்னால் வரும் டிரெய்லர் தன் எடையால் முன்னே தள்ளும். அந்தத் தள்ளலில் கப்ளர் (டிரெய்லரைக் காரோடு மாட்டும் முன்பாகம்) உள்ளே சறுக்கி, அங்கேயே இருக்கும் மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும். அழுத்தம் பிரேக் ஆயில் வழியாகப் பின்னால் போய், சக்கரத்தில் இருக்கும் வீல் சிலிண்டரைத் தள்ளி, டிரம்முக்குள் (சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம்) இருக்கும் ஷூவை விரிக்கும். விரிந்த ஷூ டிரம்மை உரசிப் பிடிக்கும்.

ஆக, கப்ளர் உள்ளே தள்ளிய நிலையிலேயே சரிவில் நிறுத்தியிருந்தால்கூட பிரேக் பிடித்துத்தான் இருக்கும். சமதரையில் நிறுத்தி, கப்ளரை முழுக்க வெளியே இழுத்துவிட்டுப் பிறகு சோதியுங்கள். ஜாக்கியில் தூக்கிய பிறகு ஸ்டாண்டு வைக்காமல் அடியில் கையை விடாதீர்கள். படகை இறக்கிவிட்டு வேலை செய்தால் இன்னும் நல்லது.

நான் தடுக்கி விழுந்த இடம்

பிரேக் விடவில்லை என்றதும் எல்லாரும் செய்வது, சக்கரத்தின் பின்னால் இருக்கும் பிளீடர் நிப்பிளை, அதாவது லைனிலிருந்து காற்றும் ஆயிலும் வெளியேற்றும் சின்னத் திருகை, திறப்பது. நானும் அதைத்தான் செய்தேன். ஆயில் பீய்ச்சியடித்தது, சக்கரம் சுற்றியது, ‘சரி, வீல் சிலிண்டர்தான்’ என்று முடிவு கட்டிவிட்டேன். அது தப்பு. நிப்பிளைத் திறந்த நொடியில் லைனில் தேங்கிய அழுத்தம் மொத்தமும் போய்விடும். அது எங்கே தேங்கியது என்பதற்கு அப்புறம் தடயமே இருக்காது. நிப்பிளைக் கடைசியில்தான் தொடவேண்டும்.

வரிசை இப்படி. முதலில் முன்பக்கத்தில் பிரேக்அவே லீவரைப் பாருங்கள். ஓடும்போது டிரெய்லர் காரிலிருந்து கழன்றுவிட்டால் தானாகப் பிரேக் பிடிப்பதற்கென்று ஒரு மெல்லிய கேபிளோ சங்கிலியோ காரோடு மாட்டியிருக்கும். அது இழுபட்டால் லீவர் மாஸ்டர் சிலிண்டரை அழுத்தி, அப்படியே பூட்டிக்கொள்ளும். குறுகலான கேட்டில் ஒடித்துத் திருப்பும்போது கேபிள் நீளம் போதாமல் எங்கள் லீவர் ஒரு பல் நகர்ந்து பூட்டிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடித்தது நானும் இல்லை, அண்ணனும் இல்லை. மூன்றாவது ஞாயிறு டீ கொண்டுவந்த மதினி, “எல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கு, இந்த எடம் மட்டும் ஏன் தம்பி பளபளன்னு இருக்கு?” என்றார். உள்ளே இருக்கவேண்டிய லீவரின் பாகம் வெளியே வந்து நின்றது. பூட்டியிருக்கும் ஸ்பிரிங் தகட்டைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதும் ‘டக்’ என்று பின்னால் போனது. ஐந்து நிமிட வேலை.

லீவர் சரியாக இருந்தும் சக்கரம் விடவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து லைன் கிளம்பும் இணைப்பைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அடியில் பழைய துணி வையுங்கள், பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்றுவிடும். இரண்டு சக்கரமும் விட்டால் கோளாறு முன்னால். ஒன்று மட்டும் விடாமல் நின்றால், இப்போது அந்தச் சக்கரத்தின் நிப்பிளைத் திறவுங்கள். விட்டுவிட்டதா? அதற்குப் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி, ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியே பார்த்தால் புதுசு போலத்தான் இருக்கும். அப்போதும் விடவில்லை என்றால் டிரம்முக்குள் துரு, இல்லையேல் ஷூவை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். டிரம்மைக் கழற்றவேண்டியது இந்தக் கட்டத்தில்தான்.

கழற்றினால் தூசியை ஊதாதீர்கள், பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். ஷூவில் கிரீஸ் பட்டிருந்தால் ஆயில் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஷூவை உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிக்கலாம் என்பார்கள். வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

மூடிய பிறகு, டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தட்டின் துளை வழியாக, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் பல் வைத்த நட்சத்திரச் சக்கரத்தை இறுக்குங்கள். சக்கரம் கையால் சுற்ற முடியாத அளவு இறுகியதும், ஏறக்குறைய 10 பல் பின்னால் விடுங்கள். சோதிக்கும்போது சக்கரத்தை முன்னோக்கி மட்டும் சுற்றவேண்டும். இந்த வகை டிரம் பல டிரெய்லர்களில் பின்னோக்கிச் சுற்றும்போது பிடியை விட்டுவிடும். பின்னால் சுற்றிப் பார்த்து ‘லூசாக இருக்கிறதே’ என்று மேலும் இறுக்கினால், சயானில் எனக்கு வந்த வாடை உங்களுக்கும் வரும்.

ஏர் எடுப்பது

லைனுக்குள் புகுந்த காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவதுதான் இது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குங்கள். நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப், மறுமுனை கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில். வேக்குவம் பம்ப் விலைக்குக் கிடைக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. நிப்பிளின் மரை வழியாகக் காற்றை இழுத்து, இல்லாத குமிழியைக் காட்டும். ஒருவர் முன்னால் மாஸ்டர் சிலிண்டரை மெதுவாக, முழுத் தூரமும் அழுத்தவேண்டும். அவர் கையை விடுமுன் மற்றவர் நிப்பிளை மூடவேண்டும். குமிழி நிற்கும்வரை இதேதான். இடையில் ஆயில் தொட்டி வற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும், எங்களுக்கு இரண்டு முறை ஆனது.

ஸ்பேனர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. எங்கள் டிரெய்லர் வெளிநாட்டுச் சரக்கு, எல்லாம் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் நிப்பிளின் முனை மழுங்கிவிடும். நாக்தேவி தெருவில் அங்குல அளவு ரிங் ஸ்பேனர் வாங்கினேன்.

பிரேக் ஆயிலின் தரம் டாட் 3 அல்லது டாட் 4. டாட் 3 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் உறிஞ்சியபின் அது 140 வரை இறங்கலாம். மும்பை ஈரக்காற்றில் திறந்துவைத்த பழைய டப்பாவை ஊற்றாதீர்கள். சிலிக்கான் வகையான டாட் 5ஐ இவற்றோடு கலக்கவே கூடாது. லைன் துருப்பிடித்திருந்தால் செம்பு-நிக்கல் குழாய் போடலாம், ஏ.சி.க்குப் போடும் வெறும் செம்புக் குழாய் வேண்டாம்.

கடலுக்குப் போய்வந்தால்

இறக்குமுன் சக்கரம் ஆறட்டும். சூடான ஹப் சட்டென்று தண்ணீரில் மூழ்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புத்தண்ணீரைப் பேரிங்குக்குள் இழுக்கும். திரும்பிவந்ததும் நல்ல தண்ணீரால் டிரம்மைப் பின்தட்டுத் துளை வழியாகவும் கழுவுங்கள். அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டி, நாலைந்து முறை பிரேக் போட்டு உலர்த்துங்கள். நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கட்டைதான் கொடுக்கவேண்டும், பிரேக்அவே லீவரைக் கை பிரேக்காக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: டிஸ்க் பிரேக் டிரெய்லர் வைத்திருக்கும் ஒருவர், முன்னால் நன்றாக ஓடுகிறது, ரிவர்ஸில் மட்டும் நகர மறுக்கிறது என்றார். டிஸ்க் வகையில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஆயிலைத் தடுக்க ஒரு சோலனாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) இருக்கும். அதற்குக் காரின் ரிவர்ஸ் லைட்டிலிருந்து மின்சாரம் வரவேண்டும். அவருடைய காரில் நான்கு ஒயர் பிளக், ரிவர்ஸுக்கு ஒயரே இல்லை. ஐந்தாவது ஒயர் இழுத்ததும் சரியாகிவிட்டது.