ஏரிக்கரையில் வீடு: பால்கனியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

சென்னையில் 'லேக் வியூ' என்று பலகை வைத்தாலே மனைக்கு விலை ஏறிவிடுகிறது. காற்றும் நிலத்தடி நீரும் நன்றாக இருக்கும் இடத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் விலையை ஏற்றிய அதே ஏரி, ஒரே மழையில் அதை இறக்கியும் விடும்.

பலரும் சித்திரை, வைகாசியில் போய் இடம் பார்க்கிறார்கள். அப்போது எந்த இடமும் மேடாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள். ஒரே நாளில் வடிந்த தெருவும் நாலு நாள் நின்ற தெருவும் ஒரே விலைக்குப் போகாது.

"ஏரி தள்ளித்தானே இருக்கிறது" என்பது இன்னொரு தவறு. ஏரி எவ்வளவு தூரம் என்பதைவிட, அது நிரம்பினால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பதுதான் முக்கியம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். ஏரியிலிருந்து எங்கோ தள்ளியிருக்கும் கோட்டூர்புரம், அந்த ஆற்றின் ஓரம் என்பதால் மூழ்கியது. எனவே ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலங்கல் எங்கே, உபரிநீர்க் கால்வாய் எங்கே என்று நடந்தே போய்ப் பாருங்கள். கால்வாய் பாதியில் காணாமல் போனால், அதன் மேல்தான் யாரோ வீடு கட்டியிருக்கிறார்கள். அந்த வீடு உங்களுடையதாகிவிடக் கூடாது.

பட்டா இருக்கிறதே என்று நிம்மதியாகி விடாதீர்கள். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் நிலம் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது, நில அளவை வரைபடமான புலப்படத்தில் வாய்க்கால் ஓடுகிறதா என்று பாருங்கள். மூலப் பத்திரத்தில் 'ஏரி உள்வாய்' (ஏரியில் தண்ணீர் நிற்கும் உட்பகுதி) என்று வந்தால், வக்கீலிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பிரச்சினை எழுந்தால் வங்கிக் கடனும் கிடைக்காது, மறுவிற்பனையும் நடக்காது.

அப்புறம், சாயங்காலம் ஒரு முறை போய் நில்லுங்கள். சாக்கடை கலக்கும் ஏரி என்றால் கொசுவும் நாற்றமும் அப்போதே சொல்லிவிடும். பெங்களூரு பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கித் தீப்பிடித்ததையும் பார்த்தோமே.

மூன்றாவது மாடி என்றால் பயமில்லை என்பார்கள். மோட்டார், ஜெனரேட்டர், கார் எல்லாம் கீழேதானே இருக்கின்றன? லிஃப்ட் நின்று, குழாயில் தண்ணீர் வராமல், வயதான பெற்றோருடன் மேலேயே அடைபட்டுக் கிடந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.